எந்த வாய்க்கால் முதலில்? மதிப்பெண்ணை ஊர் முன்னால் வை!

விவசாயப் பெருங்குடி மக்களே! குத்தகை சாகுபடியாளர்களே! விவசாயத் தொழிலாளர்களே!

கோடை பிறந்தால் காவிரி டெல்டாவில் இரண்டே பேச்சுதான். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர்? நம்ம வாய்க்காலுக்குத் தூர்வாரப் பணம் வந்துச்சா?

முதல் கேள்விக்குப் பதில் தினமும் பேப்பரில் வருகிறது. 120 அடியில் இன்றைக்கு எத்தனை, 93.47 டி.எம்.சி.யில் இன்றைக்கு எத்தனை என்று டீக்கடையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. லிஸ்ட் வருகிறது. அதில் ஒரு ஊர் வாய்க்கால் இருக்கிறது, பக்கத்து ஊர் வாய்க்கால் இல்லை. ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த 'ஏன்' என்ற ஒரே கேள்விக்காகத்தான் இந்தப் பிரசுரம்.

பணமே ஒதுக்கவில்லை என்று நாம் புழுகவில்லை. 2021-இல் 65.11 கோடி ரூபாயில் 4,061 கிலோமீட்டர், 2022-இல் 80 கோடியில் 4,964 கிலோமீட்டர், 2023-இல் 90 கோடியில் 4,773 கிலோமீட்டர் தூர்வாருவதாக அரசே அறிவித்தது. வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல், இரண்டு லட்சத்துக்குள். ஆறு பிரிந்து ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி, டி என்று வயல் வரைக்கும் கிளை பிரிகிற நாட்டில், அதற்கு மேல் வடிகால்களும் இருக்கிற நாட்டில், இந்தப் பணம் ஒரே கோடையில் எல்லாத்துக்கும் எட்டாது. அது நமக்கும் தெரியும். கூடுதல் நிதி கேட்டு நாம் போராடுகிறோம், போராடுவோம். அது தனிச் சண்டை. ஆனால் வந்த பணம் போதாது என்கிறபோதுதான் அதை எதுக்கு முதலில் செலவு செய்வது என்ற கேள்வி பெரிதாகிறது. பானை நிறையச் சோறு இருந்தால் பந்தியில் யார் முதலில் உட்கார்ந்தால் என்ன? சோறு குறையும்போதுதான் பந்தி வரிசை நியாயம் பேச வேண்டியிருக்கிறது.

நாளும் குறைவு. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் நமக்கு. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. தூர்வாரக் கிடைத்த நாளும் அந்த அளவுக்குச் சுருங்கியது. தண்ணீர் வந்த பிறகு பொக்லைனை இறக்குவது கண்துடைப்பு. வெட்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே கொட்டிவிட்டுப் போனால் முதல் மழைக்கு அது மறுபடியும் வாய்க்காலுக்குள்ளேயே வந்து சேரும். ஆகவே எது முதலில் என்பதைக் கோடைக்கு முன்பே முடிவு பண்ணியாக வேண்டும்.

இப்போது எப்படி முடிவு பண்ணுகிறார்கள்? எங்கள் பகுதி அலுவலகத்தில் போய்க் கேட்டோம். ஒருவர் "போன வருஷமே எஸ்டிமேட் போட்டாச்சு" என்றார். இன்னொருவர் "மேல இருந்து வந்த லிஸ்ட்" என்றார். மூன்றாமவர் மட்டும் ஒரு காரணம் சொன்னார்: "ஏக்கர் ஜாஸ்தி இருக்கிற வாய்க்காலுக்குத்தாங்க முன்னுரிமை." அவரை நாம் குறை சொல்லவில்லை. ஒரு காரணமாவது சொன்னாரே! ஆனால் அந்த ஒற்றைக் காரணம் கடைமடைக்காரன் தலையில் மண் போடுகிற காரணம். தலைப்பில் இருக்கும் வாய்க்காலுக்குப் பாசனப் பரப்பு எப்போதும் அதிகம். கடைசியில் இருக்கும் வாய்க்காலுக்கு எப்போதும் குறைவு. ஏக்கரை மட்டும் பார்த்தால் கடைமடைக்கு இந்த ஜென்மத்தில் முறை வராது.

நெல் ரகம் எடுக்கிற கணக்குதான் இது

பல விஷயங்களை ஒரே நேரத்தில் தராசில் வைத்து, எதுக்கு எவ்வளவு எடை என்று முன்கூட்டியே பேசி, மதிப்பெண் போட்டு, கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. பல அளவுகோல் முடிவு முறை என்று சொல்லலாம். 1976-இல் கீனி, ரைஃபா என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார்கள். இங்கிலாந்து அரசு 2009-இல் இதற்கென்று கையேடு வெளியிட்டது.

பேரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாம் ஒவ்வொரு வருஷமும் விதை எடுக்கும்போது செய்வதுதான் இது. ஏ.டி.டி. 43 போடலாமா, சி.ஆர். 1009 என்கிற பொன்மணி போடலாமா? அது 110 நாள், இது 155 நாளுக்கு மேல். அது சன்னம், இது மோட்டா. தண்ணீர் எதுவரை வரும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் மூழ்கினால் எது தாங்கும்? மாட்டுக்கு வைக்கோல் எதில் அதிகம்? வியாபாரி எதை எடுப்பான்? இத்தனையையும் யோசித்துத்தான் விதைக்கோட்டையில் கை வைக்கிறோம். மகசூல் ஒன்றை மட்டும் பார்த்து விதை எடுக்கிற விவசாயி உண்டா? பிறகு ஏக்கர் ஒன்றை மட்டும் பார்த்து வாய்க்கால் எடுப்பது என்ன நியாயம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது கணக்குக்காக நாம் சொல்லும் உதாரணம். எந்த ஊரையும் குறிப்பது இல்லை. கையில் 20 லட்சம் ரூபாய். கேட்டு நிற்பது நான்கு வேலை. தலைப்பு வாய்க்கால் 1,200 ஏக்கர், செலவு 12 லட்சம். நடு வாய்க்கால் 840 ஏக்கர், 8 லட்சம். கடைமடை வாய்க்கால் 360 ஏக்கர், 6 லட்சம். வடிகால் ஒன்று, மழையில் மூழ்கும் 480 ஏக்கர், 6 லட்சம்.

நான்கு விஷயத்துக்குப் பத்துக்குப் பத்து மார்க் போடுவோம். முதலாவது, பயன்பெறும் பரப்பு. இரண்டாவது, கடைமடையா, வேறு தண்ணீர் இல்லையா? தலைப்பில் இருப்பவருக்கு போர்வெல் கைகொடுக்கும். கடலோரக் கடைமடையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மூன்றாவது, தூர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது. நான்காவது, மழைக்காலத்தில் வெள்ளம் வடிய எவ்வளவு உதவும்.

தலைப்பு வாய்க்கால்: 10, 1, 3, 1.
நடு வாய்க்கால்: 7, 4, 5, 3.
கடைமடை வாய்க்கால்: 3, 10, 8, 4.
வடிகால்: 4, 7, 9, 10.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. நான்கையும் சும்மா கூட்ட முடியாது. எதுக்கு எவ்வளவு வெயிட்டேஜ் என்று சொல்ல வேண்டும். வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதிய நம் பிள்ளைகளைக் கேட்டால் வெயிட்டேஜ் என்ன பாடு படுத்தும் என்று சொல்வார்கள்.

ஆபீஸ் கணக்குப்படி ஏக்கருக்கு 70, மற்ற மூன்றுக்கும் தலா 10 என்று எடை போடுங்கள். நூற்றுக்குத் தலைப்பு 75, நடு 61, வடிகால் 54, கடைமடை 43. மேலிருந்து எடுத்தால் தலைப்புக்கு 12 லட்சம், நடுவுக்கு 8 லட்சம். பணம் தீர்ந்தது. கடைமடைக்கும் வடிகாலுக்கும் பட்டை நாமம்.

இப்போது எடையை மாற்றுங்கள். ஏக்கருக்கு 30, கடைமடைக்கு 30, தூருக்கு 15, வெள்ளம் வடிய 25. வடிகால் 71.5, கடைமடை 61, நடு 48, தலைப்பு 40. வரிசை அப்படியே கவிழ்ந்துவிட்டது! வாய்க்கால் மாறவில்லை, போட்ட மார்க் மாறவில்லை, செலவும் மாறவில்லை. எடை மட்டும்தான் மாறியது. ஆகவே எடையைத் தீர்மானிக்கிறவன் கையில்தான் பட்டியல் இருக்கிறது. அது பூட்டிய அறைக்குள் இருக்கலாமா?

இன்னும் ஒரு வேடிக்கை பாருங்கள். ஆபீஸ் எடையையே நாம் ஏற்றுக்கொள்வோம். ஆனால் மார்க்கைச் செலவால் வகுப்போம். ஒரு லட்ச ரூபாய்க்கு எத்தனை மார்க் கிடைக்கிறது? வடிகாலுக்கு 9. நடு வாய்க்காலுக்கு 7.6. கடைமடைக்கு 7.2. தலைப்புக்கு 6.25. இந்த வரிசையில் எடுத்தால் வடிகால் 6, நடு 8, கடைமடை 6, ஆக மொத்தம் 20 லட்சம். இரண்டு வேலை நடக்க வேண்டிய பணத்தில் மூன்று வேலை! கூட்டிப் பாருங்கள், அவர்கள் எடுத்த இரண்டுக்கும் சேர்த்து மார்க் 136. இந்த மூன்றுக்கும் சேர்த்து 158. அவர்கள் எடையிலேயே அவர்கள் கணக்கு தோற்கிறது. பணம் குறைவாய் இருக்கும்போது மொத்த மார்க்கைப் பார்த்து மேலிருந்து வெட்டுவது தப்பு. ரூபாய்க்கு எவ்வளவு பயன் என்று பார்ப்பதுதான் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

மார்க் போட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது

மதிப்பெண் முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. நம்பரைக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு. எங்கெங்கே ஏமாற்ற முடியும் என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, ஒரே விஷயத்தை மூன்று பெயரில் எண்ணுவது. பரப்பு என்று ஒரு மார்க், மகசூல் என்று ஒரு மார்க், வருமானம் என்று ஒரு மார்க். மூன்றும் ஏக்கரைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறது. பெரிய வாய்க்கால் மூன்று தடவை ஜெயிக்கும்.

இரண்டு, உயிர் போகிற விஷயத்தைச் சராசரியில் கரைப்பது. கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் புகும் நிலைமையா? மதகு விரிசல் கண்டு நிற்கிறதா? அதற்கு மார்க் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. வரிசைக்கு வெளியே எடுத்து முதலில் முடிக்க வேண்டும்.

மூன்று, வாய்க்காலைத் தனித்தனியாய்ப் பார்ப்பது. தலைப்பில் மேடு தட்டிக் கிடந்தால் கடைமடையைத் தூர்வாரி என்ன பயன்? தலைப்பு நண்பர்களே, நீங்கள் நமக்கு எதிரி இல்லை. மேலே அடைத்தால் கீழே வராது என்பது எங்களுக்கும் தெரியும். அப்படித் தொடுத்துக் கிடக்கும் வாய்க்கால்களை ஒரே வேலையாய்க் கட்டி மார்க் போட வேண்டும். ரூபாய்க்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் சின்ன வேலையே வருஷா வருஷம் ஜெயித்து, பெரிய வாய்க்கால் கிடந்து சீரழியும். ஆகவே பெரிய வேலைக்குத் தனியாக ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இந்த வருஷம் விடுபட்ட வாய்க்காலுக்கு அடுத்த வருஷம் காத்திருப்பு மார்க் கூட வேண்டும். பாசனத்தில் முறைத் தண்ணீர் விடுவதில்லையா? அதே நியாயம்தான்.

நான்கு, "எது முக்கியம்?" என்று மொட்டையாய்க் கேட்டு எடை போடுவது. அப்படிக் கேட்டால் எல்லோரும் எல்லாமே முக்கியம் என்பார்கள். "பட்டியலில் இருக்கிறதிலேயே மோசமான நிலையில் இருந்து நல்ல நிலைக்கு ஒரே ஒரு விஷயத்தைத் தூக்கலாம் என்றால் எதைத் தூக்குவீங்க?" என்று கேட்க வேண்டும். எல்லா வாய்க்காலிலும் தூர் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் தூருக்குப் பெரிய எடை கொடுத்துப் பயன் இல்லை.

ஐந்து, ஒரே ஒரு எடையை வைத்து முடித்துவிடுவது. கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் ஏக்கருக்கு 50, கடைமடைக்கு 20, தூருக்கு 10, வெள்ளத்துக்கு 20 என்று நடுவாகப் போட்டாலும் லட்சத்துக்கு மார்க் பார்த்தால் வடிகால்தான் முதல், தலைப்புதான் கடைசி. மூன்று விதமாய்ப் போட்டும் வடிகால் முதலில் நிற்கிறது. அப்படியானால் அதில் வாதமே வேண்டாம், நாளைக்கே மிஷினை இறக்கலாம். நடுவா, கடைமடையா என்ற வரிசைதான் எடைக்கு எடை மாறுகிறது. ஊர் கூடிப் பேச வேண்டியது அதை மட்டும்தான். இந்த முறையால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். எதில் சண்டை இல்லை, எதில் சண்டை இருக்கிறது என்று பிரித்துக் காட்டிவிடும்.

டெல்லியிடம் கேட்பதை இங்கே கேட்கக் கூடாதா?

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வராது" என்று சொல்வார்கள். நாம் கேட்கிறோம், நிதிக்குழு என்ன செய்கிறது? 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பங்கு போட்டது எப்படி? வருமான இடைவெளிக்கு 45, மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடு, சுற்றுச்சூழலுக்கு 10, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு 2.5. கூட்டினால் நூறு. இதுவும் அதே எடை, அதே மார்க்தானே! 13-ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 14-ஆவதில் 4.023 ஆனது. 15-ஆவதில் 4.079. "எடையைத் தப்பாய்ப் போட்டு எங்களை வஞ்சித்துவிட்டீர்கள்" என்று சென்னையில் இருந்து குரல் எழுந்தது. நாமும் சேர்ந்துதான் குரல் கொடுத்தோம். அப்படிக் குரல் கொடுக்க முடிந்தது எதனால்? எடை என்ன என்று அச்சடித்து வெளியிட்டார்கள், அதனால். அதே நியாயத்தை மாநில அரசிடம், மாவட்ட நிர்வாகத்திடம் டெல்டா விவசாயி கேட்டால் மட்டும் தப்பா?

ஆலோசகர்களை நியமிக்கத் தரத்துக்கு இவ்வளவு, விலைக்கு இவ்வளவு என்று எடை போட்டு மார்க் கூட்டும் முறை மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் இருக்கிறது. பேப்பரில் ரிப்போர்ட் எழுதுகிறவரைத் தேர்ந்தெடுக்க மார்க் உண்டு. வயிற்றுக்குச் சோறு போடும் வாய்க்காலைத் தேர்ந்தெடுக்க மார்க் இல்லையா?

சட்டமும் நம் பக்கம்தான். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அது தொடர்பான விவரங்களை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இல்லை. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று 2000-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அதன் கீழ்தான் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள். 2022 முதல் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூட வேண்டும் என்று அரசே ஆக்கியது. சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சபை கூடும் தேதியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், கணக்கைக் காட்டும் மனசு.

நமது கோரிக்கைகள்

1. தூர்வாரும் பணிக்கு எந்தெந்த அளவுகோல், எதுக்கு எவ்வளவு எடை என்பதை வாய்க்கால் பெயர்களைப் பட்டியலிடும் முன்பே முடிவு செய்! பெயரைப் பார்த்த பிறகு எடை போடுவது பித்தலாட்டம்.

2. எடையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றில் இருந்தும் ஆட்கள் உட்கார வேண்டும். குத்தகை சாகுபடியாளருக்கும், பெண்களுக்கும், நடவுக் கூலியை நம்பி வாழும் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். நிலப்பட்டா உள்ளவருக்கு மட்டும்தான் வாய்க்கால் சொந்தமா?

3. கேட்ட வேலை எல்லாவற்றையும், அவற்றின் மதிப்பெண், செலவு, தேர்வானதா இல்லையா என்ற விவரத்தோடு மார்ச் 22 கிராம சபையில் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு! தேர்வான பட்டியல் மட்டும் போதாது. விடுபட்ட பட்டியலும் வேண்டும்.

4. மார்க் தப்பு என்று விவசாயி சொன்னால் 15 நாளுக்குள் வாய்க்கால் கரைக்கே வந்து நேரில் பார்த்துப் பதில் சொல்!

5. பட்டியலை மீறி வேறு வேலையைச் செருகினால், யார் சொல்லி, என்ன காரணத்துக்காகச் செருகப்பட்டது என்று எழுத்தில் பதிவு செய்!

6. வடிகாலுக்கு என்று தனிப் பங்கு ஒதுக்கு! தண்ணீர் வந்தால் போதாது, வடியவும் வேண்டும்.

தோழர்களே! நம்ம ஊர் வாய்க்காலுக்கு இந்த வருஷம் முறை வராமல் போகலாம். கணக்கு நியாயமாய் இருந்து, பக்கத்து ஊர் வடிகாலுக்கு மார்க் அதிகம் என்று நமக்கே கண்ணால் தெரிந்தால், "சரி, இந்த வருஷம் அவங்களுக்கு, அடுத்த வருஷம் நமக்கு" என்று எழுந்து போகிற பெருந்தன்மை நம் விவசாயிக்கு உண்டு. காரணம் தெரியாமல் மறுக்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஊருக்கு ஊர் பகை வருகிறது, ஆளைப் பிடித்துக் காரியம் சாதிக்கும் கெட்ட பழக்கம் வளர்கிறது.

வரும் விவசாயிகள் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒவ்வொரு ஊரில் இருந்தும் வாருங்கள். சும்மா வராதீர்கள். உங்கள் ஊர் வாய்க்காலின் நீளம், அதை நம்பி இருக்கும் ஏக்கர், கடைசியாய்த் தூர்வாரிய வருஷம், போன மழையில் மூழ்கிய பரப்பு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அவர்கள் கணக்கைக் காட்டும் வரை நம் கணக்கை நாம் வாசிப்போம். பதில் வரும் வரை எழுந்திருக்க மாட்டோம்.

பணம் குறைவு என்று சொல், கேட்டுக்கொள்கிறோம்! கணக்கு ரகசியம் என்று சொல்லாதே, விடமாட்டோம்!

எடையை ஊர் போடட்டும்! மார்க்கை ஊர் பார்க்கட்டும்! கடைமடை வரை தண்ணீர் போகட்டும்!

திரண்டு வாரீர்!